மந்திரித்த திரி

மூன்றாம் பீரியட் மணி அடித்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அமலோற்பவம் டீச்சர் கரும்பலகையில் 'இடைக்கால ஐரோப்பாவின் சமூக' என்பதுவரை எழுதிவிட்டு அடுத்த வார்த்தையை எழுதாமல் நின்றாள். சன்னலுக்கு வெளியே, தலைமையாசிரியை அறைக்கு எதிரே இருக்கும் வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றிருந்தது. அந்த ஊரில் வெள்ளைக் கார் மூன்றுதான். ஒன்று பங்குச்சாமியாருடையது, அது அவரோடு ஆயர் இல்லத்துக்குப் போயிருக்கிறது, வெள்ளிக்கிழமைதான் திரும்பும். இன்னொன்று ரைஸ்மில்காரருடையது, மூக்கு நசுங்கிப் பட்டறையில் கிடக்கிறது. அப்படியானால் இது மூன்றாவது. மூன்றாவது கிளமெண்ட் வீட்டுக் கார். கணக்கு டீச்சருக்கு வேண்டுமானால் இப்படிக் கழித்துக் கழித்து விடை காண்பது சந்தோஷமாக இருக்கும், சரித்திர டீச்சருக்கு இல்லை. காரிலிருந்து யாரும் இறங்கவில்லையா, அல்லது அவள் எழுதிக்கொண்டிருந்தபோதே இறங்கிச் சிஸ்டர் அறைக்குள் போய்விட்டார்களா? கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. காய்ச்சலில் கிடக்கிற அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ? ஆகியிருந்தால் கோயில் மணி அடித்திருக்கும். துக்க மணி நின்று நின்று அடிக்கும், ஒன்று, அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் ஒன்று. காலையிலிருந்து அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்று தனக்கே இரண்டு தடவை சொல்லிக்கொண்டு 'அமைப்பு' என்று எழுதி முடித்தாள். எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

"எல்லாரும் எழுதிட்டீங்களா?" என்று திரும்பினாள். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் நாற்பத்திரண்டு பேர், இன்றைக்கு நாற்பத்தோரு பேர். இரண்டாவது பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது. காலியாக இருப்பதில் ஒன்றுமில்லை, பிள்ளைகள் காய்ச்சல் என்று நாலு நாள் வராமல் இருப்பது வழக்கம்தான். ஆனால் ஒருத்தன் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவன் பையைப் பரப்பி, காலை நீட்டி, அந்த இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வான். அதுதான் பிள்ளைகளின் தர்மம். இங்கே பக்கத்துப் பையன் பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். ஒரு பை இல்லை, ஒரு நோட்டு இல்லை. யாரும் அவர்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. இல்லை, சொன்னது யார்? சொல்லிக்கொடுத்தது யார்? இவனோடு யாரும் சேர்ந்து உட்காரக்கூடாது. போன வாரம் நாடகத்துக்கு அந்த வரியை எழுதியது அவள் கைதான், அழகான கையெழுத்து, 'ழ'கரத்துக்குச் சுழி போட்டு எழுதுவாள். பாடத்தை நடத்து, பாடத்தை நடத்து. "மத்திய காலத்துல ஜனங்களை மூணாப் பிரிச்சாங்க. ஜெபம் பண்றவங்க, சண்டை போடுறவங்க, உழைக்கிறவங்க." அவளும் நாலு நாளாக ஜெபம்தான் பண்ணுகிறாள். சோறு வடிக்கும்போது ஒரு அருள் நிறை மரியே, பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது ஒன்று, வருகைப் பதிவேட்டில் கிளமெண்ட் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போடுவதற்கு முன்னால் ஒன்று.

எல்லாம் போன வெள்ளிக்கிழமை நடந்தது. ஆறு வருஷமாக இதே பாடம், ஆறு வருஷமாகப் பிள்ளைகள் இதே பாடத்தில் தூங்குகிறார்கள். எங்கேயோ குளிர்தேசம், கோட்டை, பிரபு, போப்பாண்டவர், இவர்களுக்கு அதில் என்ன வந்தது? அதனால் இந்த வருஷம் நடித்துக் காட்டலாம் என்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை இப்படித்தான் தொடங்கும் என்று அப்போது தெரியவில்லை. யார் யாருக்கு என்ன வேஷம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டாள். தானே பிரித்துக் கொடுத்தால் இந்த ஊரில் அது ஒரு வழக்காகிவிடும். கோயில் தெருப் பிள்ளைக்கு ராஜா கொடுத்தால் கீழத்தெருக்காரர்கள் பேசுவார்கள், கீழத்தெருப் பிள்ளைக்குக் கொடுத்தால் கோயில் தெருக்காரர்கள் சாமியாரிடம் போவார்கள். இரண்டு தெருவும் ஒரே கோயிலில் பூசை காண்கிற ஜனம், ஒரே தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானம் வாங்கின ஜனம். ஆனால் தெரு தெருதான். அவள் வெளியூர்க்காரி, பஸ் ஸ்டாப் பக்கம் வாடகை வீடு, இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை. அதனால் சீட்டு. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நாற்பத்திரண்டு துண்டுக் காகிதம். கிளமெண்ட் எடுத்ததில் 'பிரபு' என்று இருந்தது. "சரியாத்தான்டா விழுந்துருக்கு" என்று பையன்கள் கத்தினார்கள், அவனும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். திருவிழாக் கமிட்டித் தலைவர் மகன், நல்ல பையன்தான், கொஞ்சம் மிதப்பு உண்டு, ஆனால் கேட்டால் ஓடிப்போய்ச் சாக்பீஸ் வாங்கிவருவான். 'ஆயர்' சீட்டு பவுலினுக்கு விழுந்தது. மூன்றாவது பெஞ்சு பவுலின் மேரி, கீழத்தெரு. அதிகம் பேசாத பிள்ளை. கேட்டால் எழுந்து நின்று பதிலைச் சரியாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும், ஒரு வார்த்தை கூடவும் வராது குறையவும் வராது. அப்படிப்பட்டது அன்றைக்குக் கூடச் சொன்னது.

திருச்சபைக்குக் கீழ்ப்படியாத பிரபுவை ஆயர் சபையிலிருந்து விலக்குவதுதான் காட்சி. அந்தக் காலத்தில் மணி அடித்து, புத்தகத்தை மூடி, எரிகிற மெழுகுதிரியை அணைத்து விலக்குவார்கள் என்று அவள் கல்லூரியில் படித்தது நினைவில் இருந்தது. அது நினைவில் இல்லாமல் போயிருக்கக்கூடாதா? எத்தனையோ மறந்திருக்கிறதே. மணிக்கு, பீட வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டாள், அவர் பீடத்தின் படியில் கிடந்த பூசை மணியைத் துடைத்துக் கொடுத்தார். புத்தகத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பைபிள். திரி வாங்கத்தான் மறந்துபோனாள். காலை எட்டரைக்கு நினைவு வந்தது, கடை திறக்கவில்லை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரம். அலமாரியில் மாதா படத்துக்குக் கீழே, துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பிப்ரவரியில் மெழுகுதிரித் திருநாளன்று சாமியார் மந்திரித்துக் கொடுத்த திரி. வீட்டில் ஒருவருக்கு மூச்சு இழுக்கும்போது கையில் ஏற்றிப் பிடிக்கிறதுக்கு என்று வைப்பது. இடி மின்னலுக்கு ஏற்றலாம், சாவுக்கு ஏற்றலாம், வேறு எதற்கும் அதைத் தொடமாட்டார்கள். அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் எடுத்தாள். ஒரு திரிதானே, வெளிச்சம் வந்தால் போதாதா, படித்தவள் இதையெல்லாம் பார்க்கலாமா என்று அந்த அவசரத்தில் மனசு சொன்னது. அவசரத்தில் மனசு ரொம்பப் படித்ததாகத்தான் இருக்கும். அப்புறம் பெயர். காகிதத்தில் 'இந்தப் பிரபுவை' என்றுதான் எழுதியிருந்தாள். பவுலின் முணுமுணுவென்று வாசித்ததைக் கேட்டுவிட்டு, "பேரைச் சொல்லிச் சொல்லும்மா, அப்பத்தான் நெஜமாட்டம் இருக்கும்" என்றாள். அவள்தான் சொன்னாள். பவுலின் நிமிர்ந்து பார்த்தது. பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டது. "கிளமெண்டைச் சபையிலிருந்து விலக்குகிறேன். இவனோடு யாரும் சேர்ந்து உட்காரக்கூடாது. சேர்ந்து சாப்பிடக்கூடாது. இவனுக்கு நெருப்பும் தண்ணியும் தரக்கூடாது. இவன் செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது." அதுவரை அவள் எழுதியது. அதற்கப்புறம் பவுலின் மூச்சு விட்டுக்கொண்டு, அதே குரலில், "இவன் தெருவுக்குச் சப்பரம் வராது" என்றது. மணி அடித்தது. புத்தகம் மூடியது. திரியை ஊதாமல் இரண்டு விரலால் நசுக்கி அணைத்தது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஆளுக்கொரு இடத்தில் நிறுத்தினார்கள். கிளமெண்டின் முகத்தில் சிரிப்பு அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை. மெழுகுப் புகை வகுப்பு முழுக்க நின்றது. அவள்தான் கைதட்டி, "வெரி குட், வெரி குட்" என்றாள். வெரி குட்டாம்! மணி கோயில் மணி, திரி மந்திரித்த திரி, பேர் ஞானஸ்நானத்தில் வைத்த பேர். விளையாட்டுக்கு இதில் என்னதான் மிச்சம் இருந்தது?

அன்று சாயங்காலமே பையனுக்குக் காய்ச்சல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, வேறென்ன? ஐப்பசி மழை பிடித்திருக்கிறது, தெருவுக்கு இரண்டு பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள், கொசு யாரையும் சபைவிலக்குச் செய்வதில்லை. இதை அவள் பகலில் சொல்லிக்கொள்வாள், நன்றாகத்தான் இருக்கும். பையன் காய்ச்சலில் பிதற்றுகிறான், "மணியை நிறுத்தச் சொல்லும்மா" என்று கத்துகிறான் என்று பால்காரர் சொன்னபோது நீட்டிய சொம்பை அவள் இழுத்துக்கொண்டாள், பால் தரையில் சிந்தியது. சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பாட்டில் ஏற்றினார்கள், ரத்தம் எடுத்தார்கள், திரும்பவும் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தார்கள் என்றால் நல்லதா கெட்டதா? குணமானாலும் கொண்டுவருவார்கள், இனி ஒன்றும் இல்லை என்றாலும் கொண்டுவருவார்கள். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவள் புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துவிட்டு, "ஏன்டி, ஒனக்கு வேற திரியே கெடைக்கலையா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம். அவர் பங்குக்கு அவருக்கும் பயம் என்று தெரிந்தபோதுதான் அவள் பயம் ஊன்றி உட்கார்ந்தது. பாதி எரிந்த திரியை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பவும் அதே துணியில் சுற்றி அதே இடத்தில் வைத்திருக்கிறாள். மந்திரித்ததைக் குப்பையில் போடக்கூடாது. ஏற்றவும் கூடாது, போடவும் கூடாது, என்னதான் செய்வது? பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமென்றால் சாமியார் ஊரில் இல்லை. இருந்தாலும் என்னவென்று சொல்வது? சாமி, நான் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினேன்?

"டீச்சர்," என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "அந்தப் பண்ணையடிமையெல்லாம் ஏன் டீச்சர் ஓடிப்போகல?" நல்ல கேள்வி. மற்ற நாளாக இருந்தால் அந்தக் கேள்வியை வைத்தே அரை மணி நேரம் ஓட்டியிருப்பாள். "எங்க போவாங்க? போற எடத்துலயும் ஒரு பிரபு இருப்பான்ல" என்றாள். சொல்லும்போதே கண் மூன்றாவது பெஞ்சுக்குப் போகப் பார்த்தது, இழுத்துப் பிடித்து சன்னலுக்குத் திருப்பினாள். கார் அங்கேயே நின்றது. பவுலின் எழுதிக்கொண்டிருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் அந்தப் பிள்ளையை நேராகப் பார்க்கவில்லை. எதற்காகச் சொன்னாய் அந்தக் கடைசி வரியை என்று கேட்கவும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? மூன்று வருஷத்துக்கு முன்னால், திருவிழாச் சப்பரம் எங்கள் தெருவுக்கும் ஒரு சுற்று வரட்டும் என்று கீழத்தெருக்காரர்கள் மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சண்டை போடவில்லை, கொடி பிடிக்கவில்லை, மனு. கமிட்டியில் கிளமெண்டின் அப்பா அதை வாங்கிப் படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து நாற்பது நாள் அந்தத் தெருவுக்கு வயல் வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை, தெருக்குழாயில் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் அந்தப் பக்கம் வரவில்லை. அப்போது பவுலின் ஆறாம் வகுப்பு. குடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்து போகிற பிள்ளைகளைப் பஸ்ஸிலிருந்து இவள் பார்த்திருக்கிறாள். பார்த்தாள், அவ்வளவுதான், பஸ் போய்விட்டது. நெருப்பும் தண்ணியும் தரக்கூடாது என்று ஐரோப்பாவை நினைத்துக்கொண்டு இவள் எழுதினாள். அதை வாசித்த பிள்ளை ஐரோப்பாவை நினைத்திருக்குமா? அப்படியானால் அது வேஷமில்லை. மனசார விட்ட சாபம். மனசாரச் சொன்னால் பலிக்கும் என்றுதானே ஜெபத்தைப் பற்றி இத்தனை காலம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? ஐயோ, இது என்ன நினைப்பு! பதினாலு வயசுப் பிள்ளையைப் பற்றி நினைக்கிற நினைப்பா இது?

பையனின் அப்பா கேட்கப்போகிற கேள்வி அவளுக்குத் தெரியும். யார் சொன்னது? பிள்ளைகள் இதுவரை சொல்லவில்லை போலிருக்கிறது. கோயில் தெருப் பிள்ளைகளே சொல்லவில்லை, சொன்னால் தங்கள் மேலும் வந்து விழுமோ என்ற பயம். டீச்சர் ஒரு நாடகம் போட்டாங்க, அதில் ஏதோ ஆகிவிட்டது என்கிற அளவில்தான் ஊரில் பேச்சு. பெயர் வெளியே வந்தால்? கீழத்தெருப் பிள்ளை கோயில் தெருப் பிள்ளையைச் சபித்துச் சாய்த்துவிட்டது என்று ஆனால்? ஒரு மனுவுக்கு நாற்பது நாள் என்றால் இதற்கு எத்தனை நாள்? அந்தப் பிள்ளையின் அப்பா அந்த வயல்களில்தான் வேலை பார்க்கிறார். பிள்ளை படிப்பு நிற்கும், அது முதலில் நிற்கும். அதனால் அவள் முடிவு பண்ணி வைத்திருந்தாள். 'நான்தான். எல்லாம் நான்தான். எழுதுனது, பேரைச் சொல்லச் சொன்னது, திரி கொண்டுவந்தது.' சட்டென்று சொல்லிவிட வேண்டும், மூச்சு விடாமல். வேலை போனால் போகட்டும். போகட்டும் என்று நினைக்கும்போதே, இந்த வேலைக்கு அரசாங்க ஒப்புதல் வந்து பதினோரு மாதம்தான் ஆகிறது என்ற நினைப்பும் கூடவே வந்து நிற்கும், அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் திரும்ப ஒத்திகை. அவர் கேட்கிறார், யார் சொன்னது? அவள் வாயைத் திறக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் வாய் 'பவுலின்' என்கிறது. நாலு நாளாக ஒத்திகை பார்க்கிறாள், நாலு நாளாக வாய் அதையேதான் சொல்கிறது. தன் வாயை அவளுக்குத் தெரியும். திண்டுக்கல்லில் விடுதியில் படித்தபோது, எட்டு வயசில், சூசையப்பர் சுரூபத்தின் கை உடைந்துவிட்டது. உடைத்தது இவளும் பிலோமினாளும் சேர்ந்து. "யார்?" என்று மதர் கேட்டார். கேட்ட வேகத்தில் இவள் விரல் பிலோமினாளைக் காட்டியது. யோசித்துக் காட்டவில்லை, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பயத்தில் விரல் தானாகப் போனது. பிலோமினாள் வருஷ முடிவில் ஊருக்கே போய்விட்டாள், அப்புறம் வரவில்லை. நல்லவளாக இருப்பதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருக்கிறது, பயத்துக்கு அதெல்லாம் வேண்டாம். "டீச்சர், கோபுரம் மாதிரி படம் போடணுமா டீச்சர்?" என்று முன்பெஞ்சு கேட்டது. "ஆமா, போடுங்க. மேல ராஜா. கீழ பிரபு. அதுக்குக் கீழ குதிரைவீரன். அடியில அகலமா உழைக்கிறவங்க." கரும்பலகையில் முக்கோணம் போட்டாள். திருச்சபையை எங்கே எழுதுவது என்று சாக்பீஸ் ஒரு நிமிஷம் காற்றில் நின்றது.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி சிஸ்டருடைய ரப்பர் செருப்பு, அது தெரியும். இன்னொன்று இழுத்து இழுத்து நடக்கிற செருப்பு. ஆம்பளைச் செருப்பில்லை. அப்படியானால் கிளமெண்டின் அப்பா வரவில்லை, காரிலேயே இருக்கிறார். பெரிய விஷயமென்றால் அவர் இறங்கமாட்டார், இறங்காமலே நடத்துவார். பிள்ளைகள் திடுதிடுவென எழுந்து, "குட் மார்னிங் சிஸ்டர்" என்று பாடினார்கள். வாசலில் தலைமையாசிரியை சிஸ்டர் எம்ரென்சியா நின்றிருந்தார், பக்கத்தில் கிளமெண்டின் அம்மா. தலை சீவி நாலு நாளாகியிருக்கும். திருவிழாவில் பட்டுக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் முழந்தாளிடுகிற அம்மாள், இப்போது சேலையின் ஒரு முனை தரையில் புரள நிற்கிறார். அழுத முகம்தான். ஆனால் கட்டியிருந்தது பச்சைச் சேலை, செத்திருந்தால் பச்சை கட்டியிருக்கமாட்டார். அமலோற்பவம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், இவுக ஒண்ணு கேக்கணுங்குறாக," என்றார் சிஸ்டர். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "அன்னைக்கு நாடகத்துல ஆயரா நின்னது யாரு?"

நான்தான் என்று வாய்க்குள் தயாராக இருந்தது. நாக்கை அடக்கிப் பிடித்தாள். பல்லைக் கடித்தாள். நாலு நாளாகப் பயந்த அந்தப் பெயர் வெளியே வரவில்லை, வரவே இல்லை, வாய் மூடியே இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த அதே நொடியில் கிளமெண்டின் அம்மா அவள் முகத்திலிருந்து பார்வையை எடுத்து, நேராக மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். அப்போதுதான் தன் கண் எங்கே இருக்கிறது என்று அமலோற்பவத்துக்குத் தெரிந்தது. பவுலினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்ட வேகத்தில் கண் போய்விட்டிருக்கிறது. நாலு நாளாக அந்தப் பக்கமே திரும்பாத கண். நாற்பத்தோரு பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். பவுலினும் பார்த்தது. அதன் முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை, இதை எதிர்பார்த்திருந்தது போல நோட்டை மூடிவிட்டு எழுந்து நின்றது. அந்தக் கணத்தில் அமலோற்பவம் தன்னை வெறுத்தாள்.

கிளமெண்டின் அம்மா பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து போனார். அடிக்கப்போகிறார் என்று அமலோற்பவம் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஓடிப் பாதி வழியில் நின்றாள். அவர் அடிக்கவில்லை.

"நீதானாத்தா?" என்றார். கோயில் தெருவிலிருந்து யாரும் கீழத்தெருப் பிள்ளையை அப்படிக் கூப்பிட்டு அந்த வகுப்பில் ஒருத்தரும் கேட்டதில்லை. "காச்சல் விட்டுருச்சுத்தா. டாக்டரு ஒண்ணுமில்லன்னுட்டாரு. ஆனா வாயில ஒரு பருக்கை வைக்க மாட்டேங்குறான். தட்டைக் கொண்டுபோனா, 'எங்கூட யாரும் சாப்புடக்கூடாதும்மா, போயிரு'ங்குறான். சாமியாருக்குப் படிக்கிற தம்பி வந்து சிலுவை போட்டுவிட்டாரு, கேக்க மாட்டேங்குறான். 'அவ வந்து சாபத்தை எடுத்தாத்தான் எடுத்ததுன்னு ஆகும்'ங்குறான். யாருடான்னா பேரைச் சொல்ல மாட்டேங்குறான். சொன்னா அப்பா ஒன்ன ஏதும் பண்ணிருவாருன்னு." அதற்கு மேல் முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிரு ஆத்தா. ஒரு ஆசீர்வாதம். என் பிள்ளை சாப்புட்டுருவான்."

பயம் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அமலோற்பவத்துக்குப் போகவில்லை, திசை மாறி வந்தது. பிள்ளை போய்ச் சொல்லி, பையன் சாப்பிட்டுவிட்டால் சரி. சாப்பிடாவிட்டால்? சாப்பிட்டு மறுபடியும் காய்ச்சல் வந்தால்? அப்போது பவுலின்தான் சாபத்தைக் கட்டினாள், அவளே அவிழ்க்க மாட்டேன் என்றாள் என்று ஊர் பேசாதா? போகாதே என்றால் அங்கே ஒரு பிள்ளை பட்டினி கிடக்கிறது. அதுவும் பெயரைச் சொல்லாமல் கிடக்கிறது. அவன் காப்பாற்றினதை இவள் கண்ணாலேயே காட்டிக்கொடுத்தாயிற்று. "அவளை விட்டுருங்கம்மா," என்றாள், குரல் கீச்சென்று வந்தது. "எழுதுனது நான்தான். பேரைச் சொல்லச் சொன்னதும் நான்தான். அது மந்திரிச்ச திரி, அதைக் கொண்டாந்ததும் நான்தான். நான் வந்து அவன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்." கடைசியில் வந்துவிட்டது, எல்லாம் வந்துவிட்டது, எல்லாம் முடிந்தபிறகு. சிஸ்டர் மந்திரித்த திரி என்றதைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். கிளமெண்டின் அம்மா திரும்பியே பார்க்கவில்லை.

"நீங்க எழுதுனா என்ன டீச்சர்? அவன் கேட்டது இந்தப் பிள்ளை வாயால."

பவுலின் டீச்சரைப் பார்த்தது. "எடுக்குறதுக்கு என்ன சொல்லணும் டீச்சர்? அதை நீங்க எழுதிக் குடுக்கலையே."

அவளுக்குத் தெரியவில்லை. விலக்குவது பாடப் புத்தகத்தில் மூன்று வரி இருந்தது, கல்லூரி நோட்டில் ஒரு பக்கம் இருந்தது. விலக்கினவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்களா, எப்படிச் சேர்த்தார்கள், என்ன சொல்லிச் சேர்த்தார்கள் என்று அவள் படிக்கவில்லை, பரீட்சையில் அது வராது. "தெரியாதும்மா," என்றாள். "எனக்குத் தெரியாது பவுலின். ஒனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு. வேண்டாம்னா வேண்டாம். நீ போக வேண்டாம்."

பவுலின் பெஞ்சை விட்டு வெளியே வந்து, பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, கிளமெண்டின் அம்மாவுக்கு முன்னால் நின்று, பரீட்சையில் சந்தேகம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டது.

"வாசல்ல நின்னு சொல்லணுமா, உள்ள வந்து சொல்லணுமா?"

கிளமெண்டின் அம்மா சன்னல் பக்கம் திரும்பி வேப்பமரத்தடியைப் பார்த்தார். காரின் கண்ணாடி இறங்கவில்லை. சிஸ்டர் தரையைப் பார்த்தார். யாராவது சொல்லுங்களேன் என்று அமலோற்பவம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பயம் அப்படியேதான் இருந்தது, ஒரு துளி குறையவில்லை. வெளியே ஹாரன் ஒரு தடவை அடித்தது.

"உள்ளதான்," என்றாள் அமலோற்பவம். "நானும் வர்றேன். வா."